புதர் மண்டிய நிலத்துக்குத் தீயும் வேண்டாம், அவசர உழவும் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல ஆண்டுகளாகப் புதர் மண்டிக் கிடக்கும் நிலத்தைக் காய்கறித் தோட்டமாக்கப் பலர் முன்வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், அவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்யும் இரண்டு வேலைகள் பின்னால் படப்போகும் பாட்டையெல்லாம் வீணாக்கிவிடுகின்றன. காய்ந்த புதருக்குத் தீ வைப்பது ஒன்று. சூடு ஆறியதும் ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) விட்டு உழுவது மற்றொன்று. நிலம் ஒரே நாளில் வெறுமையாகத் தெரிவதால், பாதி வேலை முடிந்துவிட்டதென்று தோன்றுகிறது. உண்மையில் களை பெருகத் தொடங்குவதே அன்றைக்குத்தான்.

ஒரு கோரையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தாள் மட்டும்தான் கையோடு வரும். அதே இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் பக்குவமாகத் தோண்டினால், கம்பிபோல் மெலிந்த தண்டில் கோத்ததுபோலக் கருத்த கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கும். ரோட்டவேட்டரின் கத்தி அந்த இணைப்பை அறுத்தவுடன் அவையும் தனித்தனிச் செடிகளாகக் கிளம்புகின்றன. அருகம்புல்லும் இப்படித்தான், அறுபட்ட கணு ஒவ்வொன்றிலிருந்தும் தழைத்துவிடும். மேலே எரியும் தீயின் சூடு அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. மேல்மண்ணில் மக்கிக் கிடந்த தழை எரிந்து, தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போவதுதான் மிச்சம். இலைமேல் தெளிக்கும் களைக்கொல்லியும் தழைத்து நிற்கும் செடியைக் கருக்குமே தவிர, உறங்கும் கிழங்கையும் மண்ணில் கிடக்கும் விதையையும் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை.

ஆகவே, களையைப் பட்டினி போடுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. பூப்பதற்கு முன் புதரைத் தரையோடு அறுத்து, அங்கேயே பரப்பி, அதன்மேல் அட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, காய்ந்த சருகைக் கனமாகப் போட்டு மூடிவிட வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தாள் கொண்டும் மூடலாம். வெளிச்சம் கிடைக்காத களை, கிழங்கில் சேர்த்து வைத்த உணவைச் செலவழித்தே மீண்டும் மீண்டும் துளிர்க்கப் பார்க்கும். விளிம்பில் தலைகாட்டும் துளிரை வாரம் தவறாமல் கிள்ளி வந்தால், சில மாதங்களில் அதன் வீரியம் குறைந்துவிடும். நிலம் முழுவதையும் ஒரே மூச்சில் திருத்த முற்படாமல், இந்தக் கவனிப்பை எவ்வளவு இடத்துக்குத் தர முடியுமோ அவ்வளவை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. பார்த்தீனியம் இருந்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக் கூடாது. அது தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். விதை பிடித்துவிட்ட களையை மூடாக்காகப் போடுவதும் தவறு.

அடுத்தது மண். நிலத்தின் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, அதில் அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், காரமா, அமிலமா, எந்தச் சத்து குறைவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெரும்பாலான காய்கறிகளுக்குக் கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை இருப்பது ஏற்றது. மூடாக்கை விலக்கியதும் காய்கறி விதைக்காமல், மண்ணோடு மடக்கி உரமாக்கும் பசுந்தாள் பயிர்களான சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைக்க வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்து வைக்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். ஏறக்குறைய 45 நாளில், பூக்கும் தறுவாயில், அதை மடக்கி மண்ணோடு சேர்த்து, மக்குவதற்கு இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். மக்காத தழையின்மேல் உடனே விதைத்தால் இளம்பயிர் வாடிப்போகும்.

முதல் பயிராகப் பூசணி, சர்க்கரைவள்ளி, தட்டைப்பயறு போன்று தரையில் படர்ந்து மூடுபவற்றையே தேர்ந்தெடுக்கலாம். நிழலில் கோரை தழைக்காது. கத்தரி, தக்காளி, மிளகாய் முதலியவற்றை அதற்கடுத்த போகத்தில், இருபுறமிருந்தும் கை எட்டும்படி நான்கடி அகலப் பாத்திகளில் நடலாம். பாத்திக்குள் கால் படாமல் பார்த்துக்கொண்டால், மண் இறுகாமல் பொலபொலவென்று இருக்கும்.

தோட்டங்களைப் பற்றிய செய்திகளில் காய்த்துக் குலுங்கும் செடிகளின் படங்களே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அவற்றைப் பார்த்துத் தொடங்குவோர், முதல் ஆண்டில் விளைச்சல் குறைந்ததும் நிலத்தை மீண்டும் புதருக்கே விட்டுவிடுகின்றனர். அறுப்பது, மூடுவது, பசுந்தாள் விதைப்பது என்று முதல் ஆண்டு வேலைகளைப் பருவவாரியாக விளக்கும் தொடர் ஒன்றை, மூடாக்குக்குள் கிடக்கும் நிலத்தின் படங்களோடு, தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்