ஸ்லைடைக் காட்டிய டாக்டரம்மாவுக்கு

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. அவர் வாயில் வெட்டியெடுத்த பகுதியின் ரிப்போர்ட்டும் இன்று வந்தது: புற்றுநோய் இல்லை. நடந்ததெல்லாம் சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, வெட்டியெடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜி டாக்டரம்மாவுக்கு. நோயாளியின் வீட்டாரை அவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்த டெஸ்டில், ஒரு லேபில் 'லேசான டிஸ்பிளேசியா' (பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய செல் கோளாறு), இவரிடம் 'தீவிரம்' என்று வந்ததும், எதை நம்புவது என்று கேட்டு அவர் அறை வாசலில் போய் நின்றேன். சாப்பிட உட்கார்ந்தவர், டிபன் பாக்ஸை மூடிவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப் முன்னால் என்னை உட்கார வைத்தார்.

ஸ்லைடுக்குள் பச்சை அம்புக்குறி ஒன்று நகர்ந்தது. "அடியில இருக்கிற செல்தான் இப்படி கருநீலமா, நெருக்கமா இருக்கணும். மேலே போகப் போக தட்டையாகிடணும். கோளாறு அடி மூணில் ஒரு பங்கோட நின்னா லேசு, நடுப் பங்குக்கு ஏறினா நடுத்தரம், அதையும் தாண்டினா தீவிரம்." அம்பு மேலே போனது, கருநீலமும் கூடவே போனது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. அது அங்கே பிரியவே கூடாதாம்.

அப்புறம் அம்பை அடிக்குக் கொண்டுவந்தார். "இந்தக் கோடு உடையலை பாரும்மா. இதைத் தாண்டி உள்ளே இறங்கினாத்தான் புற்றுநோய்." அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் லேபை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இது தராசில் நிறுக்கிற விஷயம் இல்லை, அனுபவசாலிகளே ஒரே ஸ்லைடுக்கு வேறு வேறு படிநிலை சொல்வதுண்டு என்றார். அதனால்தான் தன் கருத்தைச் சொல்லாமலே இன்னொரு டாக்டரிடமும் ஸ்லைடைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். யாரும் கேட்காமலே செய்த வேலை.

சர்ஜன், வார்டு சிஸ்டர்கள், பணம் புரட்டித் தந்த சித்தப்பா, கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா, வெற்றிலைப் பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போன அத்தை, எல்லோருக்கும் நன்றி. புகையிலை இல்லாமல் வெறும் பாக்குதானே என்று அப்பாவுக்கு வக்காலத்து வாங்கும் மாமாக்களுக்கு ஒன்று: பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டது.

வெட்டியெடுத்தாலும் திரும்ப வரலாம் என்பதால் செக்கப் தொடரும். உங்களில் யாருக்காவது வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணோ இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். லீவு போட்டு நானே கூட்டிப் போகிறேன்.