தொட்டியில் இருக்கும் பூச்செடியும் வரப்போகும் குளிரும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலம் முடிந்ததும் எங்கள் நர்சரிக்கு வருகிற பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கடுங்குளிரையும் தாங்கும் என்றுதானே கொடுத்தீர்கள், அப்புறம் எப்படித் தொட்டியிலேயே செத்துப்போனது?" நியாயமான கேள்வி. செடியைக் கையில் கொடுக்கும்போதே நாங்கள் விளக்கியிருக்க வேண்டும்.

தண்டுக்கும் மொட்டுக்கும் இருக்கிற குளிர் தாங்கும் சக்தி வேருக்கு இல்லை. தரையில் நட்டால் அந்தக் குறை தெரியாது. நிலம் மெதுவாகத்தான் குளிரும், அடியிலிருந்து கொஞ்சம் சூடும் வந்துகொண்டிருக்கும். தொட்டியில் வேரைச் சுற்றி ஒரு சாண் மண்தான். அது வெளிக்காற்றளவுக்கே குளிர்ந்துவிடும். செடியோடு வரும் சீட்டில் போட்டிருக்கும் குளிர் தாங்கும் அளவு தரையில் நடுவதற்கானது. எனவே உங்கள் பகுதியின் கடுங்குளிரைவிட சுமார் 11 டிகிரி செல்சியஸ் கூடுதலாகத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். குளிர் மைனஸ் 18 வரை இறங்கும் என்றால், மைனஸ் 29 வரை தாங்கும் செடி. ஹோஸ்டா, டேலிலி, செடம் என்ற பல ஆண்டு வாழும் செடிகள் மூன்றையும் நம்பி வைக்கலாம்.

தொட்டி பெரிதாக இருப்பது நல்லது. மண் கூடக் கூட வேருக்குப் போர்வை கூடும். சுடுமண் தொட்டி அழகுதான், ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவதால் தொட்டி வெடித்துவிடும். மரமோ கெட்டியான பிளாஸ்டிக்கோ பரவாயில்லை.

குளிரைப் போலவே ஈரமும் செடியைக் கொல்லும். அடித்துளை அடைத்துக்கொண்டால் தேங்கிய நீரில் வேர் அழுகும். தொட்டியைத் தரையில் படியவிடாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அதற்காகத் தண்ணீரே ஊற்றாமலும் விடக்கூடாது. மண் உறையாத நாளில் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் கொஞ்சம் ஊற்றுங்கள்.

பகலில் உருகி இரவில் உறைவது தொடர்ந்து நடந்தால் மண் வேரை மேலே தள்ளிவிடும். அதனால் வெயில் நேராக விழாத, காற்று மறைந்த சுவரோரமாகத் தொட்டிகளை நெருக்கி வைத்து, சுற்றிலும் சாக்கு கட்டுங்கள். மேலே போடும் சருகையும் வைக்கோலையும் மண் ஒருமுறை உறைந்த பிறகு போட்டால் போதும். தோட்டத்தில் இடம் இருந்தால் குழி வெட்டித் தொட்டியோடு புதைத்துவிடுங்கள், அதைவிட நல்ல வழி இல்லை.

பாசத்தில் வீட்டுக்குள் கதகதப்பான இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். இந்தச் செடிகளுக்குக் குளிரில் உறங்கும் காலம் தேவை. சூடேற்றாத ஷெட் என்றால் சரி.

வசந்தம் வந்தும் துளிர் இல்லையே என்று உடனே தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஹோஸ்டா தாமதமாகத்தான் எழும்பும். ஒரு வேரைக் கீறிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் தொட்டியோடு எங்களிடம் எடுத்து வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் நர்சரியினர்