எட்டு மாதமாக என்ன செய்தாய், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். கம்போடியாவில் ஊழியம் செய்யப் போன உன்னிடமிருந்து கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு உன் அம்மாவின் கேள்வி ஒன்றுதான் காரணம்.

போன வாரம் பாப்பாரப்பட்டியில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். புளிக் காலமல்லவா? அம்மா திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். விரல் நுனியெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. கிலோ கணக்கில் கிடைக்கும் அந்தக் கூலியிலிருந்துதான் ஞாயிறுதோறும் உன் பெயரைச் சொல்லிக் காணிக்கை போடுகிறார். கையை நிறுத்தாமலே கேட்டார்: "அவன் அங்கே என்ன வேலை சார் செய்கிறான்?"

எனக்குப் பதில் வரவில்லை.

நீ எழுதியிருப்பதும் அதே கேள்விதானே. கம்போடியாவுக்குப் போய் எட்டு மாதம். உன்னை அனுப்பிய மிஷனரிச் சங்கம் என்று ஒன்றில்லை; பொறுப்பேற்கப் பள்ளியோ மருத்துவமனையோ இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்க அந்த நாட்டு அரசு அனுமதிப்பதில்லை. காலை ஜெபம் முடிந்தபின் பகல் முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது என்கிறாய்.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஒடிசா மலைக் கிராமத்தில் நான் ஊழியம் செய்த முதல் வருடம், மாதந்தோறும் ஓர் அறிக்கைத் தாள் நிரப்பி அனுப்ப வேண்டும். சந்தித்த வீடுகள், நடத்திய கூட்டங்கள், கொடுத்த கைப்பிரதிகள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒடியா மொழியில் தண்ணீர் கேட்கக்கூட அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் கட்டங்களை நிரப்பினேன். சில மாதங்களில் பொய்யான எண்களையும் எழுதினேன். அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கூசுகிறது. அந்த ஊரில் யாருக்கும் என்னைத் தெரியாது. என் தாளில் மட்டும் ஊரே நிறைந்திருந்தது.

மிஷனரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துப் பார். 1893இல் ஜப்பானுக்குப் போனார். உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1895இல் இந்தியா வந்து தமிழ் படித்தார், திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மாட்டுவண்டியில் சுற்றினார். 1901இல் கோயிலுக்கு விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். அந்தச் சீமையின் டோனாவூரில் அவர் நடத்திய பிள்ளைகள் இல்லம் அப்படித்தான் தொடங்கியது. அந்தக் குழந்தை வந்து நின்றபோது அம்மையாருக்கு அவள் பேச்சு புரிந்தது. அதற்கு முந்தைய ஆறு வருடங்களை வீண் என்று யார் சொல்வார்கள்?

ஆகவே மொழியைப் பிடித்துக்கொள், தம்பி. நாளுக்கு நான்கு மணி நேரம், தவறாமல். நீ தினமும் எழுதிப் பழகும் கெமர் எழுத்து, அதாவது கம்போடிய மொழியின் எழுத்து, நம் காஞ்சிப் பல்லவர்களின் எழுத்திலிருந்து கிளைத்தது. அந்த வளைவுகள் உன் கைக்கு அந்நியமல்ல. நலம் விசாரிக்கும்போது அவர்களும் "சோறு சாப்பிட்டாயிற்றா" என்றுதானே கேட்கிறார்கள்! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடாதே, அவர்களோடு உட்கார்.

இன்னொன்று. தனியாக இருக்காதே. அந்த ஊர்ச் சபையின் மூப்பர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை போய், செய்ததையும் செய்யாததையும் ஒளிக்காமல் சொல். சங்கம் இல்லாதவனுக்குக் கணக்கு கேட்க ஒரு மனிதராவது வேண்டும். கட்டுப்பாடே இல்லாத ஊழியத்தில் சோம்பலும் சேர்ந்துகொள்ளும், அகந்தையும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "அந்த ஊர்ப் பேச்சைப் படிக்கிறான் அம்மா." அவர் சற்று யோசித்து, "பேச்சு தெரியாமல் எப்படிப் பழகுவது, படிக்கட்டும்" என்றார். பிறகு அடுத்த பழத்தை எடுத்தார்.

சித்திரையில் நமக்குப் புத்தாண்டு பிறக்கும்போது அங்கேயும் பிறக்கிறது. அன்று யார் வீட்டில் சாப்பிட்டாய், என்ன பேசினாய் என்று விவரமாக எழுது. திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் ஞாயிறு பள்ளி வாத்தியார்
தர்மபுரி