செயலாளர் ஆண்டறிக்கை: ‘குணமாக்கும்’ வித்தைகளைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த மேஜிக் கலைஞர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் கல்லூரி மாணவர்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைப் பேரவையில் வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு சொல்லிவிட்டது, அவர்களுக்கே தெரியும். நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. எடுத்துப்போன புத்தகங்கள் திரும்பி வந்தால் பூட்டுக்கும் வேலை இருக்கும்.

சரி, இனி இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். தெய்வ சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லி மக்களை ஏமாற்றியவர்கள் மேடையில் செய்த வித்தைகளைக் கற்றுக்கொண்டு, நாமே செய்து பார்ப்பது என்று சென்ற பேரவையில் முடிவெடுத்தோம். அன்று நடந்த வாக்குவாதம் பலருக்கு நினைவிருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “வித்தையை வித்தைன்னு சொல்லித்தானே இத்தனை வருஷம் கைதட்டு வாங்கினோம்? இப்ப எதுக்கு இந்த வேஷம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். “ஐயா, நம்ம பெட்டியில இருக்கிற அதே சாமானை வச்சுத்தான் அவங்க ஏமாத்தினாங்க. நம்மளத் தவிர வேற யாரு கண்ணுக்கு அது படும்?” என்றார் இளையவர் ஒருவர். கடைசியில் சில நிபந்தனைகளோடு தீர்மானம் நிறைவேறியது: எந்த மதத்தின் சாமியையும் வேதத்தையும் மேடைக்கு இழுக்கக் கூடாது. நோயாளியாக நடிப்பவர் நம் உறுப்பினராகவே இருக்க வேண்டும். உண்மையான நோயாளி யாரையும் தொடக் கூடாது. காட்டிய வித்தை ஒவ்வொன்றையும் அங்கேயே பிரித்து விளக்கிவிட வேண்டும். பொதுவாக நாம் ரகசியத்தை வெளியே விடுவதில்லை. இந்த வகைக்கு மட்டும் விதிவிலக்கு.

கத்தியில்லா அறுவைச் சிகிச்சையில் தொடங்கினோம். பிலிப்பைன்ஸில் ஒரு காலத்தில் இதை நம்பி உலகெங்கும் இருந்து நோயாளிகள் விமானம் ஏறினார்கள். வெறும் கையால் வயிற்றைத் திறந்து, கட்டியை எடுத்து, தழும்பில்லாமல் மூடிவிடுவார்களாம். 1975-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், இந்தச் சிகிச்சைக்காகச் சுற்றுலா நடத்திய நிறுவனங்கள் மீதான வழக்கில், இது முழுக்க முழுக்க மோசடி என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்த அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் 1984 மார்ச்சில் அங்கே போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். மே மாதம் இறந்துவிட்டார்.

செய்முறை நமக்குப் புதிதல்ல. போலிக் கட்டைவிரலுக்குள்ளோ ஈரப் பஞ்சுக்குள்ளோ சிவப்புத் திரவம், உள்ளங்கையில் மறைத்த ஒரு துண்டு இறைச்சி, அவ்வளவுதான். கண்ணை ஏமாற்றுவது விரல் மடிப்பு. வயிற்றுச் சதையை இரு கைகளாலும் குவித்து ஒரு பள்ளம் உண்டாக்க வேண்டும். அதில் விரல்களை நடு மூட்டில் மடக்கி, மூட்டின் பின்புறத்தைச் சதையோடு அழுத்தினால், விரல் நுனிகள் உள்ளே போய்விட்டது போலத் தெரியும். பள்ளத்தில் திரவம் தேங்கி, மடங்கிய விரலை மறைத்துவிடும். சிவப்பு மை எடுபடவில்லை, பொம்மை ரத்தமாகத் தெரிந்தது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உறுப்பினர்தான் நிறத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, திரவத்தைக் கெட்டியாக்கச் சொன்னார். பெரிய இடைஞ்சல் வேறு இடத்திலிருந்து வந்தது. நோயாளியாகப் படுத்த நம் இணைச்செயலாளருக்குக் கூச்சம் அதிகம். வயிற்றில் கை வைத்ததுமே சிரித்து, கட்டி வெளியே வருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கைவேலை நமக்குப் பழக்கமானது என்பதால் இது சீக்கிரம் வந்துவிட்டது. அதனால் சில உறுப்பினர்கள் இந்த ஏமாற்று முழுவதுமே கைவேலைதான் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த பயிற்சிகளில் அந்த நினைப்பு போய்விட்டது.

அமெரிக்கப் போதகர் பீட்டர் பாப்பாஃப் விவகாரம் பலரும் கேள்விப்பட்டதுதான். கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, பெயரையும் வீட்டு முகவரியையும் நோயையும் அவர் சரியாகச் சொல்வார். கடவுள் காதில் சொல்கிறார் என்பது அவர் வாதம். 1986-இல் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டியின் குழு அரங்கில் ரேடியோ அலைகளை வருடும் கருவியை வைத்துக் கேட்டபோது, 39.17 மெகாஹெர்ட்ஸில் அகப்பட்டது பாப்பாஃபின் மனைவியின் குரல். கூட்டம் தொடங்குமுன் மக்கள் நிரப்பிக் கொடுத்த ஜெப அட்டைகளை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் வாசிக்க, கணவர் காதுக்குள் இருந்த கருவியில் அது கேட்டது. ராண்டி இந்த ஒலிப்பதிவை ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் போட்டுக்காட்டினார். ராண்டியின் ஆட்களில் ஒருவர், ஓர் ஆண், பெண் வேடத்தில் போய் உட்கார்ந்தபோது அவருடைய கருப்பைப் புற்றுநோயும் ‘குணமானது’. அடுத்த ஆண்டு பாப்பாஃப் திவால் மனு கொடுத்தார். பிறகு தொலைக்காட்சியில் அற்புத நீர் விற்றுக்கொண்டு திரும்பி வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அம்பலப்பட்டவர்கள் காணாமல் போய்விடுவதில்லை.

நாமும் இதைச் செய்து பார்த்தோம். கருவி இன்று சுலபம், புளூடூத் இயர்பட்ஸ் எல்லோர் பையிலும் இருக்கிறது. ஆனால் காதில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திடம் நாம் பேச வேண்டும் என்பது சொல்லும்போது தெரியாத கஷ்டம். காது கேட்கும் நொடியில் முகம் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு மாணவ உறுப்பினர் வழி கண்டார். அந்த நொடிகளில் கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, கையை விரித்து நின்றார். வெறித்த முகம் பக்தி முகமாகிவிட்டது. கண் மூடிய பிரார்த்தனையைப் பல மேடைகளில் பார்த்திருக்கிறோம். அதற்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டென்று அன்றுதான் புரிந்தது.

கருவியே இல்லாமலும் வேலை நடக்கும். வாசலில் அன்பாக வரவேற்கும் தொண்டர், “யாருக்கும்மா உடம்பு சரியில்ல? எவ்வளவு நாளா?” என்று கேட்டால் யார் சந்தேகப்படுவார்கள்? சக்கர நாற்காலி வித்தையும் இதே வகை. நடந்து வருகிற முதியவரிடம், நிற்க வேண்டாம், இதில் உட்காருங்கள் என்று ஒரு நாற்காலியைக் கொடுத்து முன்வரிசையில் தள்ளிக்கொண்டு போய் வைப்பார்கள். பிறகு மேடையிலிருந்து, “எழுந்து நட!” என்பார்கள். அவர் எழுந்து நடப்பார். வரும்போதும் நடந்துதானே வந்தார். கூட்டம் அழும். நிஜமாகவே நடக்க முடியாதவர்களின் நாற்காலிகள் பின்னால் நிறுத்தப்பட்டிருக்கும். பார்வை இழந்தவர், போதகர் காட்டும் விரல்களைச் சரியாக எண்ணுவதும் அப்படித்தான். பார்வையற்றவர் என்று சான்று பெற்ற பலருக்கு மங்கலாகக் கொஞ்சம் பார்வை இருக்கும் என்பது கூட்டத்துக்குத் தெரியாது.

குட்டைக் காலை நீட்டும் வித்தைதான் நம் பயிற்சிகளில் எல்லோருக்கும் பிடித்தது. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பாதங்களையும் ஒரே கையில் ஏந்த வேண்டும். தூக்கும்போதே ஒரு ஷூவைக் குதிகாலிலிருந்து லேசாக வெளியே இழுத்துவிட்டால் அந்தக் கால் நீளமாகத் தெரியும். மற்றது குட்டை என்று கூட்டமே சொல்லிவிடும். அப்புறம் பிரார்த்தித்துக்கொண்டே ஷூவை மெல்ல உள்ளே தள்ளினால் குட்டைக் கால் வளர்ந்துவிட்டது. ஷூவின் மேல் இருக்கும் கையை யாரும் பார்ப்பதில்லை, எல்லோர் கண்ணும் ‘குட்டை’க் காலின் மேல்தான். கவனத்தைத் திருப்புவது பற்றி நான் பார்த்த பாடங்களில் இதைவிடச் சுத்தமானது இல்லை.

நம் பக்கத்து வித்தைகளுக்கும் ஒரு கூட்டத்தை ஒதுக்கினோம். இந்தத் துறையில் இரண்டு பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978), அற்புத சக்தியை நிரூபிப்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்து, கடைசிவரை கொடுக்கவேண்டி வரவில்லை. கோவையின் பி. பிரேமானந்த் (1930–2009) ஊர் ஊராகப் போய் இந்த வித்தைகளைச் செய்துகாட்டி விளக்கியவர். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், சாமியார் பிரேமானந்தா வேறு, இவர் பகுத்தறிவாளர்.

எலுமிச்சையில் ரத்தம் வரவழைக்கச் செம்பருத்திப் பூவே போதும். இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவிட்டால், பழத்தை அறுக்கும்போது அதன் புளிப்பு பட்டுச் சாறு சிவக்கும். மஞ்சள் காமாலையைக் ‘கழுவி எடுப்பது’ இன்னும் எளிது. நோயாளியைத் தொடும் கையில் மாம்பட்டைச் சாறு பூசியிருக்கும், கழுவும் தண்ணீரில் சுண்ணாம்பு. தண்ணீர் மஞ்சளாகும், காமாலை இறங்கிவிட்டதாகச் சொல்வார்கள். காமாலை மாலை ஒன்று உண்டு. போட்டுக்கொண்டால் நாளுக்கு நாள் நீளும். பச்சைத் தண்டுத் துண்டுகளை ஒருவகை முடிச்சால் கோத்திருப்பார்கள். தண்டு காயக் காயச் சுருங்கி, முடிச்சு தளர்ந்து, நூல் இறங்கும். அதை ஆணியில் மாட்டினாலும் நீளும்.

காமாலையைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம். ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். குணமாக்கிய பெயர் மாலையைப் போட்டுவிட்டவருக்குப் போகும். பித்தப்பைக் கல்லாலோ வேறு கல்லீரல் நோயாலோ வந்த காமாலையாக இருந்தால், மாலை நீளும்வரை காத்திருந்த நாட்கள் உயிருக்கு ஆபத்து. தொக்கம் எடுப்பதையும், அதாவது வயிற்றில் சிக்கிய உணவை வெளியே எடுப்பதாகச் சொல்வதையும், செய்துகாட்டினோம். வாய்க்குள் முன்பே ஒதுக்கிவைத்த உணவுத் துணுக்கை, குழாய் வழியாக உறிஞ்சுவது போல் நடித்துத் துப்ப வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள், சின்ன வயதில் தங்களுக்கு எடுத்ததைச் சொல்லி, அதிலிருந்து வந்தது என்னவென்று இப்போதுதான் தெரிகிறது என்று முகம் சுளித்தார்கள்.

வித்தையே இல்லாத வித்தை ஒன்று மிச்சம் இருக்கிறது. அது வலி குறைவது. பாட்டு, கூட்டம், பரபரப்பு எல்லாம் சேரும்போது வலி கொஞ்ச நேரம் அடங்குவது உண்மை. அந்த நேரத்தில் நோயாளி பொய் சொல்வதில்லை. அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் நோலன், கேத்ரின் குல்மன் என்ற போதகரின் கூட்டத்தில் குணமானதாகச் சொன்ன 23 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார். ஒருவருக்கும் குணமாகியிருக்கவில்லை. முதுகெலும்பில் புற்றுநோய் இருந்த பெண் ஒருவர், குல்மன் சொன்னபடி இடுப்புப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேடையில் ஓடினார். மறுநாள் அவர் முதுகெலும்பு நொறுங்கியது. நான்கு மாதத்தில் இறந்தார். இதைப் படித்த மாலை யாரும் பயிற்சி செய்யவில்லை, கூட்டம் சீக்கிரம் கலைந்தது.

பொது நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நல்ல வரவேற்பு. பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றில் நடந்ததை மட்டும் விவரமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். கால் நீட்டும் வித்தையைக் காட்டி, ஷூவைக் கழற்றி, எப்படி என்று ஒருமுறைக்கு இருமுறை விளக்கி முடித்த பிறகு, வயதான அம்மா ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். முழங்காலில் கை வைத்து ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளும்படி நம் மாணவ உறுப்பினரிடம் கேட்டார். அவர் பதறிப்போய், “இது வெறும் வித்தைம்மா, இப்பத்தானே சொன்னோம்” என்றார். “அது உங்களுக்குத் தெரியாம நடக்குது தம்பி. கண்ணை மூடி நின்னீங்களே, அப்பவே எனக்கு வலி விட்டுது” என்றார் அந்த அம்மா.

நம் பையன் தொடவில்லை, நிபந்தனை அதுதான். நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக வலி, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். காட்டியிருக்கிறார், மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமலே மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டாராம். வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை. ரகசியத்தை உடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். என் கருத்தில், செப்படி வித்தை இந்த ஏமாற்றில் சிறு பங்கு. அந்த அம்மா சொல்வதைக் கேட்க ஒரு ஆள் உட்கார்வதுதான் பெரும் பங்கு. போலிகள் அதைத் தவறாமல் செய்துவிடுகிறார்கள். செயற்குழுவில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். எப்படியானாலும், அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பெரியவர்களுக்கான காட்சிகளில் மருத்துவர் ஒருவரையும் அழைக்கிறோம். விளக்கம் முடிந்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கடைசி இரண்டு காட்சிகளில் வித்தையைவிட அந்தப் பகுதிதான் நீளமாகப் போனது.

சட்டம் பற்றி வழக்கறிஞர் உறுப்பினர் ஒரு மாலை பேசினார். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கைகளை எதிர்த்துப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, இத்தகைய ஏமாற்றுகளுக்கு எதிராக அவர் பல ஆண்டுகள் கேட்டுவந்த தனிச் சட்டம் அதே ஆண்டு வந்தது. பேச்சின் எழுத்து வடிவம் நூலகத்தில் இருக்கிறது, பூட்டுக்குள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். காட்சிக்கு எடுத்துப்போகும் சக்கர நாற்காலி இரவலில் வந்தது, உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்கச் செயற்குழுவுக்கு அனுமதி வேண்டும். இரண்டாவது, கூச்சம் குறைந்த நோயாளி ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து, பொருளாளர் வரவுசெலவுக் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்