கோடு வந்தா சென்சாரை மாத்துன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செகண்ட் ஹேண்ட் எக்ஸ்கவேட்டர் வாங்குறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையைப் படிச்சேன், அண்டர்கேரேஜ், பக்கெட் பின், ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் பாக்கச் சொன்னது சரிதான், ஆனா இன்ஜின் பத்தி சொல்ற இடத்துல மானிட்டர்ல ஃபால்ட் கோடு, அதாவது கோளாறைச் சொல்ற நம்பர், காட்டினா அந்த நம்பருக்குரிய சென்சாரை மாத்திட்டா போதும்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல. இந்த வண்டிங்களோடதான் இத்தனை வருஷமா என் பொழப்பு. மூணு நாலு சென்சாரை மாத்திப்புட்டு அப்புறமும் அதே கோடோட வந்து நிக்கிற ஓனருங்களை நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அவங்களுக்கும் யாரோ இந்த ஒரு வரியைத்தான் சொல்லியிருப்பாங்க.

நிறைய டீசல் இன்ஜின்ல ஜே1939ங்கிற முறையில கோடு ரெண்டு நம்பரா வரும், எந்த இடத்துல கோளாறுன்னு சொல்ற எஸ்பிஎன் ஒண்ணு, என்ன மாதிரி கோளாறுன்னு சொல்ற எஃப்எம்ஐ ஒண்ணு. எஸ்பிஎன் 100ன்னா ஆயில் பிரஷர், 110ன்னா கூலன்ட் (இன்ஜினைக் குளுத்துற தண்ணி) டெம்பரேச்சர், 157ன்னா ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டருக்கு டீசல் குடுக்கிற குழாயோட பிரஷர். எல்லாரும் இதை மட்டும் படிச்சிட்டு சென்சார் வாங்க ஓடுறாங்க, ஆனா அந்த ரெண்டாவது நம்பர்லதான் விஷயமே இருக்கு. எஃப்எம்ஐ 3ன்னா வோல்டேஜ் இருக்க வேண்டியதை விட மேல, 4ன்னா கீழ, 5ன்னா கரண்ட் குறைவு இல்லன்னா லைன் கட். இது மூணும் எலக்ட்ரிக்கல் கோளாறு, சென்சாரா இருக்கலாம், ஒயரா இருக்கலாம், தண்ணி பூந்து பச்சை பிடிச்ச கப்ளரா (ஒயரை இணைக்கிற சாக்கெட்) இருக்கலாம், எர்த்தா இருக்கலாம். அதே எஸ்பிஎன் 100க்கு எஃப்எம்ஐ 1 வந்தா கதையே வேற, இன்ஜினோட கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்கு வர்ற சிக்னல் ஒழுங்கா இருக்கு, ஆயில் பிரஷரே இறங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்போ உடனே இன்ஜினை ஆஃப் பண்ணி ஆயில் லெவல் பாத்து, மெக்கானிக்கல் கேஜ் மாட்டி நிஜ பிரஷரை அளக்கணும். அதை விட்டுட்டு புது சென்சாரை மாட்டி வேலைக்கு அனுப்பினா பேரிங் போய் கிராங்க்கும் போகும், சார். சில கம்பெனி வண்டியில கோடு வேற மாதிரி வரும், அதுக்கு அந்த மாடலோட மேனுவலைத்தான் பாக்கணும்.

பிரஷர் சென்சார்ல பெரும்பாலும் 3 ஒயர், ஒண்ணுல 5 வோல்ட் சப்ளை, ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். அந்த 5 வோல்ட் பல வண்டியில ஒரே லைனா வந்து நாலஞ்சு சென்சாருக்குப் பிரியும், அதுல எங்கயாவது ஒரு இடத்துல ஷார்ட் ஆனாலும் எல்லா சென்சாரும் கெட்டுப்போன மாதிரி கோடு கொட்டும். இப்படித்தான் ஒரு வண்டி வந்துச்சு, வாங்கி மாசம்கூட ஆகல, பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட பிரஷர்), ரெயில், ஆயில் பிரஷர் மூணுக்கும் ஒண்ணா எஃப்எம்ஐ 4, ஏற்கனவே ரெண்டு சென்சார் மாத்தியாச்சு. சாவியை ஆன்ல வெச்சு 5 வோல்ட் லைன்ல மீட்டரைப் பிடிச்சா 1 வோல்ட்கூட இல்ல, அந்த லைன்ல இருக்கிற சென்சாரை ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தேன், அப்பவும் ஏறல, அப்போ சென்சார் மேல தப்பில்ல. ஹார்னஸை, அதான் ஒயர் கட்டை, தடவிக்கிட்டே போனா டர்போ பக்கத்துல ஒரு கிளாம்ப் இல்ல, ஒயர் பிராக்கெட்ல உரசி உரசி தோல் போய் செம்பு தெரியுது. ஒயரை ஜாயின்ட் போட்டு, ஸ்லீவ் மாட்டி, கிளாம்ப் போட்டதோட சரி, கழட்டி வெச்ச பழைய சென்சார் ரெண்டும் நல்ல சென்சார்தான்.

2 ஒயர் டெம்பரேச்சர் சென்சாருக்கு இன்னும் சுலபம், மீட்டர்கூட வேணாம். எஃப்எம்ஐ 4 நிக்குதா, கப்ளரைக் கழட்டுங்க, 3ன்னு மாறினா ஒயரும் ஈசிஎம்மும் நல்லாருக்கு, சென்சார் உள்ள ஷார்ட். முதல்லயே 3 நின்னா கழட்டின கப்ளரோட ரெண்டு பின்னையும் ஒரு சின்ன ஒயரால சேத்துப் பாருங்க, 4க்கு மாறினா லைன் சரி, சென்சாரைத்தான் பாக்கணும், மாறலன்னா ஒயரைத் தேடணும். 3 ஒயர் சென்சார்ல இந்த மாதிரி சேக்கவே கூடாது, 5 வோல்ட் எர்த் ஆகிடும். இன்னொண்ணு, டெஸ்ட் பண்றேன்னு ஒயரை ஊசியால குத்தாதீங்க, அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி ஆறு மாசத்துல அங்கயே அரிச்சுப்போகும், கப்ளர் பின்பக்கமா பின் விட்டு அளக்கணும்.

வாங்கப் போறவங்களுக்கு கட்டுரையில விட்டுப்போனது இதுதான். விக்கிறவங்க நிறைய பேரு முன்னாடியே கோடை அழிச்சிட்டு வெச்சிருப்பாங்க, அதனால மானிட்டர் சுத்தமா இருக்குன்னு நம்பக் கூடாது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலையில போய்ப் பாருங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கோடு படிக்கிற ஸ்கேனர்ல கூலன்ட், இன்டேக் காத்து, டீசல் டெம்பரேச்சர் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணா, வெளிச்சூட்டுக்கு ஒத்து இருக்கணும். ஆறிப்போன இன்ஜின்ல கூலன்ட் மட்டும் 80 டிகிரின்னு காட்டினா சென்சாருக்குப் பதிலா எப்பவும் ஒரே சூட்டைக் காட்டுற மாதிரி ஒரு ரெசிஸ்டர் சொருகி வெச்சிருக்காங்களான்னு கப்ளரைக் கழட்டிப் பாருங்க. சாவி போட்டதும் வார்னிங் லைட் ஒரு தடவை எரிஞ்சு அணையணும், எரியவே இல்லன்னா அதை யாராவது துண்டிச்சிருக்கலாம். அப்புறம் ஒரு மணி நேரம் நல்லா லோடு குடுத்து மண்ணு வெட்டிட்டு திரும்ப கோடைப் படிக்கணும், உரசுற ஒயரும் அடைச்ச டீசல் ஃபில்டரும் சும்மா ஐடிலிங்ல நிக்கும்போது மாட்டாது.

அந்தக் கட்டுரையை வெட்டி பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வண்டி பாக்கக் கிளம்புறவங்க கண்டிப்பா இருப்பாங்க, கடன் வாங்கித்தான் வாங்குவாங்க. அதே பக்கத்துல, அவங்க கண்ணுல படுற மாதிரி, இந்தத் திருத்தத்தையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்