எட்டு நோட்டுகளும் ஒரு மாலையும்: நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் மேலாண்மைக் கல்லூரியில் படித்துப் பெங்களூரில் வாழும் தமிழர்கள் கடந்த சனிக்கிழமை மாலை இந்திராநகரில் கூடி, கிரிப்டோகரன்சி என்னும் டிஜிட்டல் நாணயங்களைப் பற்றியும், அவற்றின் கணக்கைப் பலரும் ஆளுக்கொரு பிரதியாக வைத்துக் காக்கும் பிளாக்செயின் என்ற பேரேட்டைப் பற்றியும் மூன்று மணி நேரம் தமிழிலேயே பேசினோம். அதற்குக் கைகொடுத்த அனைவருக்கும், ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் இம்மடல் வழியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, பிளாக்செயினை விளக்க வந்த எங்கள் சீனியர் அண்ணனுக்கு உரியது. மழையில் மின்சாரம் போய்ப் புரொஜெக்டர் அணைந்ததும், குறிப்பெடுக்க வாங்கி வைத்திருந்த நோட்டுகளில் எட்டை எடுத்து முன்வரிசையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஒரே வரவு செலவை எல்லோரையும் எழுதச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியாக வர வேண்டும். பிறகு ஒருவரை மட்டும், இரண்டாம் பக்கத்தில் 500 என்றிருந்ததை 5,000 என்று திருத்தச் செய்தார். அந்தப் பக்கம் தொடங்கி அவருடைய நோட்டில் எந்தப் பக்கமும் மற்ற ஏழு நோட்டுகளோடு ஒத்துப்போகவில்லை. பிட்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தில் கூட்டுத்தொகையின் இடத்தில், அந்தப் பக்கத்தின் தகவலிலிருந்து கணக்கிடப்படும் 64 எழுத்து நீளமுள்ள ஹாஷ் என்ற அடையாளக் குறி நிற்கிறது என்றும், 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய அந்தப் பேரேட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே வருகிறது என்றும் அவர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொன்னபோது, எந்த ஸ்லைடும் தந்திராத தெளிவு எங்களுக்குக் கிடைத்தது.

வழக்கறிஞரான நண்பருக்கும் நன்றி. கிரிப்டோ வர்த்தகத்துக்கு வங்கிகள் சேவை அளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது என்பதையும், ஆனால் அந்தத் தீர்ப்பால் பிட்காயின் ரூபாயைப் போலச் சட்டப்படி செல்லும் பணமாகிவிடவில்லை என்பதையும் அவர் சுருக்கமாக விளக்கினார்.

தம் நட்டத்தைச் சபையில் மறைக்காமல் சொன்ன தோழிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒரே நிதியாண்டில் ஒரு நாணயத்தில் 80,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 1,10,000 ரூபாய் நட்டம். கூட்டிக் கழித்தால் கையைக் கடித்த ஆண்டுதான். ஆனால் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி நட்டத்தை லாபத்தில் கழிக்க முடியாது என்பதால், 80,000 ரூபாய்க்கு 30 சதவீதமாக 24,000 ரூபாய் வரியும் அந்த வரியின்மீது 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரியும் அவர் கட்ட வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒருமுறை தடுமாறியது. நிகழ்ச்சி முடிந்ததும் இளைஞர்கள் அவரிடம்தான் அதிக நேரம் நின்று பேசினார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான ஐயா, ரிசர்வ் வங்கியே வெளியிடும் டிஜிட்டல் ரூபாய் வேறு, கிரிப்டோ வேறு என்பதை உணர்த்தினார். 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனை தொடங்கிய நான்கு நகரங்களில் நம் பெங்களூரும் ஒன்று என்பது பலருக்குப் புதிய செய்தி.

மழையில் நனைந்தபடி ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வந்த கட்டடக் காவலருக்கும், தமிழ் புரியாதபோதும் கடைசிவரை இருந்து நாற்காலிகளை அடுக்கிய அவருடைய மகனுக்கும், அறுபது பேருக்கு ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்த அக்காவுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

செலவுக் கணக்கை இம்மாத இறுதிக்குள் பணம் தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்பி வைக்கிறேன். அந்த எட்டு நோட்டுகளும் என்னிடம் பத்திரமாக உள்ளன. தம் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட விரும்புவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர், பெங்களூரு