உதிரும் உப்பு

தூத்துக்குடி,
ஐப்பசி 20

மாப்ளே முருகேசா,

உன் கடிதம் நேற்று வந்தது. ராத்திரியே போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான். இதை எழுதிக் கொடுத்தால் மருமகள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். இனி அளத்தில் வேலை தை பிறந்த பிறகுதான். நம் தெருவிலேயே முழங்காலளவு தண்ணீர். எனக்கு வேலை, மாடிக் கூரை ஒழுகும் இடத்தை விட்டுக் கட்டிலை நகர்த்துவது.

தூள் உப்பில் சயனைடு கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் யாரோ பேசியதைக் கேட்டு மருமகள் மூன்று பாக்கெட் தூள் உப்பைக் குப்பையில் கொட்டிவிட்டாள், இமயமலை உப்பு என்று இளஞ்சிவப்பாக ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். "உப்புக் கம்பெனி லேப்பில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டினாயே, இதை ஒரு நாளாவது எங்களிடம் சொன்னாயா" என்று ஒரு குத்தல் வேறு. நீ கேட்கவே இல்லையே, மாப்ளே!

அந்தக் குரல் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. சில பாக்கெட்டுகளின் பின்பக்கம் 536 என்று ஓர் எண் இருக்கும். பொட்டாசியம் ஃபெரோசயனைடு. லேப்பில் நாங்கள் வெறுமனே "மஞ்சள்" என்போம். எலுமிச்சை நிறத்தில் அழகான படிகம். தண்ணீரில் கரைத்து, அயோடின் கரைசலைத் தெளிப்பது போலவே உப்பின்மேல் தெளிப்பார்கள். உப்பு கட்டி தட்டாமல் இருப்பதற்காக.

உப்பு ஏன் கட்டி தட்டுகிறது? சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் ஒட்டிவரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீர் சரியாக வடியாத உப்பு சித்திரை வெயிலிலும் பிசுபிசுப்பது அதனால். ராத்திரி ஈரத்தில் ஒவ்வொரு குருணையின் மேல்தோலும் கொஞ்சம் கரையும், பகலில் காயும். காயும்போது பக்கத்துக் குருணையோடு ஒரு பாலம் போட்டுக்கொள்ளும். பத்து நாள் இப்படிப் போனால் பாக்கெட் செங்கல்தான். கல் உப்பில் குருணைகள் தொட்டுக்கொள்ளும் இடம் குறைவு. அது ஈரமாகுமே தவிர, அவ்வளவு எளிதில் இறுகாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குருணைகளுக்கு நடுவே ஒரு மாவைத் தூவுவது. அமெரிக்காவில் மார்டன் கம்பெனி 1911-இல் மெக்னீசியம் கார்பனேட் கலந்து இதைச் செய்தது. மழை பெய்தாலும் எங்கள் உப்பு கொட்டும் என்று 1914-இல் குடை பிடித்த ஒரு சிறுமியை டப்பாவில் போட்டார்கள். தங்கச்சி உப்பு டப்பாவில் பத்து அரிசி போட்டு வைக்கிறாளே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான். இன்னொன்று, அந்தப் பாலத்தையே கட்ட விடாமல் செய்வது. மஞ்சள் அதைச் செய்கிறது. படிகத்தின் மேற்பரப்பில் உட்கார்ந்துகொண்டு அடுத்த அடுக்கைச் சேர விடாது. அதனால் சதுரமாக வளர வேண்டிய உப்பு கிளை கிளையாக வளர்ந்து, தொட்டால் உதிர்ந்துவிடும். கிலோவுக்குச் சில மில்லிகிராமே இதற்குப் போதும். மாவு வழிக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று கலக்க வேண்டும்.

இனி சயனைடுக்கு வருவோம். ஆறு சயனைடும் நடுவில் உள்ள ஓர் இரும்பணுவை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடிதான் விஷயம். சாம்பார் கொதிக்கும் 100 டிகிரிக்கெல்லாம் அது விடாது, நானூறு டிகிரியாவது வேண்டும். வயிற்று அமிலம் பிரிக்காதா என்று மருமகள் கேட்பாள், கேட்கவும் வேண்டும். கந்தக அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் பிரியும். உடல் சூட்டில் வயிற்றில் பிரிவது கணக்கில் எடுக்க முடியாத அளவு. லேப்பில் உப்புக் கரைசலில் இரும்பு உப்பை விட்டு, மஞ்சள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். நீலமாக மாறும். 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடித்த பிரஷ்ய நீலச் சாயம் அதுதான். இதில் வேடிக்கை, சாயம்தான் முதலில் வந்தது. விஷத்தை அந்த நீலத்திலிருந்து பிரித்தெடுத்ததால்தான் அதற்குச் சயனைடு என்றே பெயர். கிரேக்கத்தில் நீலம் என்று அர்த்தம். அதே நீலம் இன்று தாலியம் விஷத்துக்கு மருந்து!

சரி, கணக்குப் போடுவோம். நம் நாட்டில் கிலோ உப்புக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் மஞ்சள் கூடாது. ஐரோப்பாவில் 20 வரை விடுகிறார்கள். நாம் ஒரு நாளைக்கு 10 கிராம் உப்புத் தின்கிறோம் என்று வை. அதில் 0.1 மில்லிகிராம் மஞ்சள். உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டுக்குழு உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.025 மில்லிகிராம் வரை போகலாம் என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 1.5 மில்லிகிராம். அதை எட்ட ஒரே நாளில் 150 கிராம் உப்பைத் தின்ன வேண்டும். அதற்கு முன்னாலேயே உப்பே ஆளைக் கொன்றுவிடும். எல்லாப் பிடியும் விட்டுப்போய் மொத்த சயனைடும் வெளியே வந்தாலும் 0.04 மில்லிகிராம்தான். உன் மாமனார் ஊரில் மரச்சீனிக் கிழங்கை மீனோடு சாப்பிடுகிறார்களே, அந்தக் கிழங்கு மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஹைட்ரஜன் சயனைடு வரை சர்வதேச விதியே அனுமதிக்கிறது. நூறு கிராம் மாவு தின்றால் 1 மில்லிகிராம்.

இதையெல்லாம் சொல்லும் நான் எல்லாப் பொடிக்கும் சாட்சி சொல்ல மாட்டேன். சூப் பொடி, பால் பொடி, மசாலாப் பொடிகளில் 551 என்று இருப்பது சிலிக்கா. நுண்துகள் பற்றிப் போதிய விவரம் இல்லையென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அளவு சொல்லாமல் விட்டது. 2024-இல் இப்போதைய பயன்பாட்டில் கவலையில்லை என்றது. 554 மாதிரி அலுமினியம் சேர்ந்தவைதான் எனக்குப் பிடிக்காது. அலுமினியம் உடலில் தங்கும், வாரக் கணக்கில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அலுமினிய சிலிகேட்டுகளுக்கு 2012-இல் கட்டுப்பாட்டை இறுக்கினார்கள். அப்புறம் உங்கள் வீட்டில் புளிக்குழம்பு வைக்கும் அலுமினியச் சட்டி. அதைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் பேசுவதில்லை! பெருங்காயத் தூளில் கலக்கும் மைதாவையும் கோந்தையும் நீயே படித்துப் பார். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வில்லங்கம்.

இப்போதுதான் நான் சொல்ல வந்தது. மருமகளுக்கு ஆறாம் மாதம் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அடேய், அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டாமா? அவள் வாங்கிய இளஞ்சிவப்பு உப்பில் அயோடின் சேர்த்திருக்கிறார்களா என்று பார். பெரும்பாலும் சேர்ப்பதில்லை. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம். நம் விதிப்படி கடைக்கு வரும் அயோடின் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்கும். அப்படியென்றால் 10 கிராமில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும், மீதியை மீனும் பாலும் முட்டையும் பார்த்துக்கொள்ளும். இமயமலை உப்பு என்கிறாளே, அந்த இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில்தான் அந்தக் காலத்தில் அயோடின் இல்லாமல் வீட்டுக்கு வீடு கழுத்துக் கழலை இருந்தது. 1956 முதல் டாக்டர் ராமலிங்கசுவாமி குழு அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்து அது குறைந்ததைக் காட்டியது.

மஞ்சள் வேண்டாமென்று மருமகள் பிடிவாதம் பிடித்தால் சண்டை போடாதே. அயோடின் சேர்த்த கல் உப்பு கடையில் கிடைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கும், பார்த்து வாங்கு. அதில் 536 இருக்கிறதா இல்லையா என்று அவளே பின்பக்கம் படித்துக்கொள்ளட்டும். ஈரத்தில் திறந்து வைத்தால் அயோடின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். அதனால் உன் அம்மாவின் பழைய உப்பு மரவையில் போட்டாலும் மூடி போட்டே வை. உலை கொதிக்கும்போது போடாமல் இறக்கும் நேரத்தில் போடச் சொல்.

மரவையைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாயோ என்று ஒரு சந்தேகம். போட்டிருந்தால் இங்கே தச்சரிடம் ஒன்று செய்து எடுத்து வருகிறேன். வளைகாப்புத் தேதியை மட்டும் எழுது.

உன்,
செல்வராஜ்